ஹன்டரின் அட்டவணையும் நுங்கம்பாக்கத்து மழைமானியும்

தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877இல், ஏறத்தாழ பதினோராண்டுச் சூரியக் கரும்புள்ளிச் சுழற்சியோடு சென்னையின் மழைக்குறைவை இணைத்துக் காலனிய அதிகாரி வில்லியம் ஹன்டர் வெளியிட்ட சிறுநூல், பழியைச் சூரியன் தலையில் சுமத்திக் காலனிய அரசைத் தப்பவிட்ட ஏற்பாடு என்றே படிக்கப்பட்டுவருகிறது. பட்டினிக்கு நடுவே தானியம் கப்பலேறியது பற்றிய கண்டனத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டைச் சுமக்கும் வலு இந்நூலுக்கு இல்லை என்றே கருதுகிறேன்.

அட்டவணையையே பார்ப்போம். சென்னை வானாய்வகத்தின் 1813 முதல் 1876 வரையிலான மழைக்கணக்கை ஹன்டர் பதினோராண்டு அடுக்குகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அடுக்கின் கடைசி ஆண்டும் முதலிரண்டு ஆண்டுகளும் சேர்ந்து கரும்புள்ளி குறைந்த தொகுதி ஆயின. அத்தொகுதியில் மழையும் குறைவு என்பது அவர் முடிவு. அறுபத்துநான்கு ஆண்டுகள் என்றால் நீண்ட தொடராகத் தோன்றும். சுழற்சிக் கணக்கில் ஆறுகூட நிரம்பாது. இதைவிடச் சங்கடமானது 1876. ஆய்வைத் தூண்டிய வறட்சி ஆண்டே ஆய்வின் சான்றாகவும் உட்கார்ந்திருக்கிறது. சூரியச் சுழற்சியோ பதினொன்றுக்குக் கட்டுப்பட்டதல்ல. கரும்புள்ளிகள் மிகக் குறையும் அதன் உண்மையான சிறுமம் 1878 இறுதியில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே மழை திரும்பிவிட்டது.

இடமும் இடிக்கிறது. வானாய்வகம் இருந்த நுங்கம்பாக்கத்து மழைமானியில் பெரும்பகுதி நீர் சேர்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பஞ்சம் மோசமாகத் தாக்கிய பெல்லாரியும் கர்நூலும் முதன்மையாகத் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை.

இவற்றைக் கண்டுபிடிக்க நம் காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே 1877இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி ராயல் சொசைட்டியில் சென்னை மழைக்கணக்கைச் சோதித்து, இந்தப் பொருத்தத்தை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு பஞ்ச ஆணையத்தின் தலைவராக அமர்ந்தவரும் அவரே. சூரியன்தான் அரசின் சாக்கு என்றால், அதை முன்கூட்டியே உடைத்தவரிடமா ஆணையத்தை ஒப்படைப்பார்கள்? ஆணையத்துக்கு வேறு சாக்குகள் இருந்தன என்பார்கள். இருந்திருக்கலாம், அது வேறு வழக்கு. தவிர, பஞ்சம் தவணை வைத்து வரும் என்று ஒப்புக்கொண்ட அரசுக்கு, களஞ்சியத்தைக் காலியாக வைத்திருக்க எந்தச் சமாதானமும் மிஞ்சாது.

இன்னொரு தரப்பு, சூரியச் செயல்பாட்டோடு மாறும் துகள்கள் பற்றிய இன்றைய ஆய்வைக் காட்டி, ஹன்டரை முன்னோடியாக்குகிறது. துருவப் பகுதியில் இறங்கும் ஆற்றல்மிகு துகள்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கி மேல்வளிமண்டல ஓசோனைக் குறைப்பது அளந்தறியப்பட்டது. துருவக் குளிர்காலக் காற்றோட்டத்தை அது அசைக்கலாம் என்பதும் நம்பத்தக்கதே. சுழற்சியினூடே சூரிய ஆற்றல் மாறுவது ஏறத்தாழ 0.1 விழுக்காடு மட்டுமே என்பதால் இத்தகைய மறைமுக வழிகளைத் தேடுவதும் நியாயம். ஆனால் துருவக் குளிர்காலத்திலிருந்து சென்னையின் ஐப்பசி மழைக்குத் தாவ இந்த அட்டவணை பாலமாகாது. 1876ஐ விலக்கி, சுழற்சிகளை அவற்றின் மெய்யான எல்லைகளில் வெட்டி, இரு பருவமழைகளையும் தனித்தனியே கூட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் ஏதேனும் தொடர்பு எஞ்சினால், துகள்களைக் கொண்டு விளக்கவேண்டியது அதைத்தான்.