'அரித்மியா' என்றால் தாளம் தப்புவதா? அப்பாவின் ஸ்மார்ட்வாட்ச் சொல்வதைப் புரிந்துகொள்வது எப்படி?

மாட்டுங்காவில் இருக்கும் அப்பாவுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச், ஒருநாள் காலையில் 'சீரற்ற துடிப்பு' என்று எச்சரிக்கிறது. "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான்" என்கிறார் அவர். இரண்டும் ஒன்றுதானா? இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்திருப்பது முக்கியம்.

சொல்லின் பொருள் என்ன?

'அரித்மியா' கிரேக்க வேரில் இருந்து வந்த சொல். 'அ' என்றால் இல்லை, 'ரித்மோஸ்' என்றால் லயம். தமிழில் 'இதயத் துடிப்புச் சீரின்மை' என்கிறோம். ஆனால் மருத்துவர்கள் இதை இன்னும் அகலமாகப் பயன்படுத்துகிறார்கள். காரணமில்லாமல் மிக வேகமாகத் துடித்தாலும், மிக மெதுவாகத் துடித்தாலும், ஒழுங்கு இல்லாமல் துடித்தாலும் அரித்மியாதான். 'படபடப்பு' என்பது நாம் உணர்வது. அரித்மியா என்பது இதயத்தில் நடப்பது. ஒன்று இல்லாமலும் மற்றது இருக்கலாம்.

சங்கீதத்தில் இது தப்பா?

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மிஸ்ர சாபு தாளத்தில் 7 எண்ணிக்கை, 3 + 4 என்று நொண்டுவது போலப் போகும். ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரிதான்.

பாட்டு தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் 'சமம்'. தாளத்துக்கு முன்பே தொடங்கினால் 'அதீதம்', பிறகு தொடங்கினால் 'அனாகதம்'. இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் 'விஷமம்'. ஆமாம், குழந்தை செய்கிற அதே விஷமம்தான்! வி + சமம், அதாவது சமமில்லாதது. இது தப்பு இல்லை, கணக்குக்கு உட்பட்டது. கணக்கே விட்டுப்போனால்தான் 'தாளம் தப்பியது' என்போம்.

இதயத்தில் எது விஷமம், எது தப்பு?

மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகி, விடும்போது குறையும். இளம் வயதில் இது இயல்பு.

ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்து, பிறகு சின்ன இடைவெளி விழுந்தால், 'ஒண்ணு விட்டுப்போச்சு' என்று தோன்றும். பலருக்கு இது ஆபத்தில்லாமல் வந்து போகும்.

மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கும். நாடியில் எந்தக் கணக்கும் பிடிபடாது. இது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். இவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

வாட்ச் காட்டுவது எச்சரிக்கை மட்டுமே, இசிஜிதான் உறுதி செய்யும். அதே நேரம், வாட்ச் சும்மா இருப்பதால் பிரச்சினையே இல்லை என்றும் ஆகிவிடாது. 'படபடப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, வேகமா, விட்டுவிட்டா, ஒழுங்கே இல்லையா என்று சொல்லுங்கள். மேஜையில் தட்டிக் காட்டச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. கச்சேரியில் தொடையில் தாளம் போடும் அப்பாவுக்கு அது கஷ்டமே இல்லை.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விளக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 108-ஐ அழையுங்கள்.