ரபாபின் வழிவந்த சரோது: 1955ஆம் ஆண்டின் ஓர் இசைத்தட்டு

உஸ்தாத் அலி அக்பர் கான் 1955ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் சரோது வாசித்துப் பதிவு செய்த 'மியூசிக் ஆஃப் இந்தியா: மார்னிங் அண்ட் ஈவினிங் ராகாஸ்', மேலைநாட்டில் வெளிவந்த இந்தியச் செவ்வியல் இசையின் முதல் நெடுந்தட்டு ஆகும். ஒரு பக்கம் காலைக்குரிய சிந்து பைரவி. மறுபக்கம் மாலைக்குரிய பீலு. தபலா சதுர்லால். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அறிமுகவுரை நிகழ்த்தியுள்ளார். அவர் முதலில் அழைத்தது ரவிசங்கரைத்தான். அவரால் செல்ல இயலாது போகவே அலி அக்பர் சென்றார்.

அதற்கு முன்னிருந்த தட்டுகளில் ஒரு பக்கத்திற்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடங்களே கிடைத்தன. அவ்வளவு குறுகிய நேரத்தில் ஆலாபனைக்கு இடமேது? இத்தட்டிலோ ராகம் ஆற அமர விரிகிறது. தாளம் சேர்வதற்கு முன் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரல் வழுக்கிச் செல்லும் இடங்களையும், தந்தி அதிர்ந்து ஓய்ந்த பின் நிற்கும் மௌனத்தையும் நாம் பலமுறை கேட்டும் அலுக்கவில்லை.

அரபு மொழி பயின்றோர்க்கு இக்கருவியின் பூர்வீகம் சுவையானது. 'ரபாப்' என்னும் பெயர் ஹிஜ்ரி 339இல் மறைந்த ஃபாராபியின் இசைநூலிலேயே இடம்பெற்றுள்ளது. அங்கே அது வில்லால் இழைக்கப்படுவது. ஆப்கானியரின் ரபாபோ மீட்டப்படுவது. பெயர் ஒன்றாயினும் கருவி வேறு. வட இந்தியாவில் குடியேறிய பட்டாணியரோடு வந்த அந்த ஆப்கானிய ரபாப், நரம்புக்குப் பதில் உலோகத் தந்தியும் மரப்பலகைக்கு மேல் எஃகுத் தகடும் பெற்று, 19ஆம் நூற்றாண்டில் சரோது ஆயிற்று. அதை மீட்டும் சில்லு தேங்காய்ச் சிரட்டையால் ஆனது என்றறிந்தபோது நமக்கு வியப்பே உண்டாயிற்று!

அலி அக்பரின் தந்தையும் ஆசானுமாகிய அலாவுதீன் கான், தான்சேன் வழிவந்த ராம்பூர் வஸீர் கானிடம் பயின்றவர். மைஹர் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவான். மார்க்கப் பற்றுடைய முஸ்லிமாகவும், மைஹர் சாரதா தேவியிடம் பக்தி கொண்டவராகவும் வாழ்ந்து 1972இல் மறைந்தார். நம் அளவுகோலுக்குள் அடங்காத வாழ்க்கைதான். ஆயினும் அதில் பாதியை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

இசைக்கருவிகள் குறித்து உலமாப் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். இந்திய முஸ்லிம்களின் பங்களிப்பு என்று மேடைதோறும் கோட்டைகளையும் மினாராக்களையும் கவிஞர்களையும் எண்ணிக் காட்டும் நாம், இக்குடும்பத்தை மட்டும் ஏன் பட்டியலில் சேர்ப்பதில்லை? ஆகுமா, ஆகாதா என்பது ஃபிக்ஹின் கேள்வி. நிகழ்ந்ததா என்பது வரலாற்றின் கேள்வி. மாணவர்க்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட நாமே பல்லாண்டுகள் தயங்கியிருக்கிறோம்.

அலி அக்பர் கான் 2009இல் கலிஃபோர்னியாவில் காலமானார். 1955ஆம் ஆண்டுப் பதிவு, அவரது 1994ஆம் ஆண்டு வாசிப்புடன் இணைக்கப்பட்டு 'தென் அண்ட் நௌ' என்னும் பெயரில் குறுந்தகடாகவும் வெளிவந்துள்ளது. ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியில் அதே விரல்களைக் கேட்க விரும்புவோர் அதையே தேடிப் பெறலாம்.