பாத்திக் துணி விற்று நிலம் வாங்கிய ஓவியர்கள்: சோழமண்டலம் உருவானது எப்படி?

இசிஆரில் மாமல்லபுரம் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கடந்திருப்பீர்கள். ஏதோ ரிசார்ட்னு நினைத்துத் தாண்டிப் போனவர்களும் உண்டு. உண்மையில் அது, ஓவியர்களே காசு சேர்த்து வாங்கிய இடம்.

கோவையில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1944-ல் நண்பர்களுடன் சேர்ந்து சென்னையில் முற்போக்கு ஓவியர்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வரானார். அங்கே அவருக்கு ஒரு கவலை. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் நவீன ஓவியத்தை அப்போது யார் வாங்குவார்கள்?

கைவினைதான் கைகொடுத்தது

அவர்கள் பிடித்த வழி எளிமையானது. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அது போதும் என்றால், ஓவியத்தை வாங்குபவரின் ரசனைக்கு ஏற்ப வரைய வேண்டியதில்லையே! அந்த வருமானத்தில் 1966-ல் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. கடலோர மணலில் குடிசை போட்டுக் குடியேறினார்கள். சுல்தான் அலி, ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் எனப் பலர் இங்கிருந்து பெயர் பெற்றவர்கள்.

'இது மேல்நாட்டு காப்பி இல்லையா?'

அரூப ஓவியம் என்றாலே அன்று எழுந்த கேள்வி இது. 1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அதற்கான பதிலாகவே பார்க்கலாம். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், நடுநடுவே மலையாளம் போலத் தெரியும் எழுத்துகள். ஆனால் எந்த மொழிக்காரராலும் படிக்க முடியாது! நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஜாதக நோட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

அதே கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். காந்தி கோட்டோவியங்களும் புத்தக அட்டைகளில் அவர் எழுதிய எழுத்துருக்களும் பிரபலம். பிறகு அவரும் அரூப ஓவியத்துக்கு வந்தார்.

பணிக்கர் 1977-ல் காலமானார். அன்று ஊருக்கு வெளியே இருந்த ஈஞ்சம்பாக்கம் இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. கிராமத்துக்குள் 2009-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் படைப்புகளைப் பார்க்கலாம். பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக் கூடம் இருக்கிறது. போனால், அந்த எழுத்துகளைப் படிக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க.