‘ஹஸல’ என்னும் அரபு வினையும் தமிழ் மகசூலும்

ஏக்கருக்கு இத்தனை மூட்டை மகசூல் என்று உழவரும் வேளாண் துறையினரும் ஒருங்கே கூறுவர். ‘மக’, ‘சூல்’ எனப் பிரித்துத் தமிழ்ச்சொல்லாகவே கொள்ளத் தோன்றும் அளவுக்கு அச்சொல் மொழியோடு ஒன்றிவிட்டது. ஒலியொப்புமை கருதி ‘வசூல்’ என்பதனோடு அதனை இணைக்கவும் தோன்றும். இரண்டும் பொருந்தா.

வசூல், சென்று சேர்தலைக் குறிக்கும் ‘வஸல’ என்னும் அரபு வினையின் வழியது. பணம் உரியவரிடம் வந்து சேர்வதே வசூல். மகசூலோ ‘ஹஸல’ என்னும் வேறொரு வினையின் செயப்பாட்டு வடிவமான ‘மஹ்ஸூல்’ என்பதன் திரிபு. இவ்வினை தனித்து நின்றால் ‘நிகழ்ந்தது’ என்றும், ‘அலா’ என்னும் இடைச்சொல்லோடு வந்தால் ‘பெற்றான்’ என்றும் இன்றைய அரபியில் பொருள்படும். இதன் இரட்டித்த வடிவத்தின் பெயரே ‘தஹ்ஸீல்’. உமியிலிருந்து உள்ளீட்டையும், சுரங்கக் கல்லிலிருந்து பொன்னையும், வைக்கோலிலிருந்து கோதுமையையும் பிரித்தெடுத்தல் என அதனை விளக்குகிறார் ராகிப் அல்-இஸ்பஹானி. திருக்குர்ஆனில் இவ்வேர் ஓரிடத்தில் மட்டுமே (100:10) வருகிறது. அங்கும் நெஞ்சில் மறைந்திருப்பவை வெளிக்கொணரப்படுவதையே சுட்டுகிறது. தூற்றியபின் களத்தில் எஞ்சும் நெற்குவியலைத் தமிழர் மகசூல் என்பது, இம்மூலப் பொருளுக்கு மிக அணுக்கமானது எனலாம்.

வடக்கே நிலை வேறு. முகலாயர் கணக்குகளில் மதிப்பிட்ட வருவாய் ‘ஜமா’. உண்மையில் திரண்டது ‘ஹாசில்’. விளைவின் பெயர் அதன்மீது விதித்த வரிக்கும் ஆகிவந்தது. இந்தியில் ‘மஹசூல்’ வரி, தீர்வை. மராத்தியிலோ நிலவருவாய், மகாராஷ்டிர அரசின் வருவாய்த்துறையே ‘மஹசூல் விபாக்’. தஹ்ஸீலும் வரி திரட்டலாயிற்று. பாரசீக ‘தார்’ சேர்ந்து தாசில்தார் பிறந்தார்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதுகையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. மைசூர் சமஸ்தானத்தில் தாலுகா அதிகாரிக்குப் பெயர் அமில்தார். ‘செயற்படு’ என்னும் பொருளுடைய ‘அமில’ என்ற வினையின் வழியது. எல்லைக்கு அப்பால், சென்னை மாகாணத்துச் சேலத்தில் அவர் தாசில்தார். ஒருவர் செயலால் பெயர் பெற்றார், மற்றவர் திரட்டலால். கர்நாடகத்தின் 1964ஆம் ஆண்டு நிலவருவாய்ச் சட்டத்திலும் தாசில்தாரே இடம்பெற்றார். துறையின் பெயரில் மட்டும் ‘கந்தாய’ என்னும் சொல் நிலைத்துள்ளது. அதனோடு வரும் ‘இலாக்கெ’ மீண்டும் அரபு வழியதே.

மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய இடம் இதுதான். மராத்தி ஆவணம் ஒன்றில் குடியானவர் ‘மஹசூல்’ கொடுக்கவில்லை என்றிருப்பதை, ‘மகசூல் கொடுக்கவில்லை’ எனப் பெயர்த்தால், தமிழ் வாசகர் நிலம் விளையவில்லை என்றே கொள்வார். வரிகொடா இயக்கம் வறட்சியாக மாறிவிடும். அங்கு நிலவரி என்றே எழுதுதல் வேண்டும். தமிழ் மகசூலை மராத்திக்குக் கொண்டுசெல்லும்போது ‘உத்பாதன்’ என்பது பொருந்தும். ‘மஹசூல்’ என எழுதினால் உழவரின் நெல் அரசின் பணமாகிவிடும்.