வாங்காதிருந்தால் விலை இறங்குமா?

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போதெல்லாம் நம் தேனிப் பகுதியில் ஒரு யோசனை எழுவதுண்டு. எல்லோரும் ஒன்றுகூடி ஒரு நாளோ ஒரு வாரமோ எண்ணெய் போடாமல் இருந்துவிட்டால், விற்பவர் தாமே விலையை இறக்கிவிடமாட்டாரா என்பதே அது. இந்த யோசனையை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. வாங்க மறுத்து விலையை வீழ்த்திய வரலாறு உலகில் உண்டு. அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, ஏன் என்று ஆராய்ந்து பார்ப்பதே முறை.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது பொழுதுபோக்கான கேள்வியும் அன்று. வைகறையில் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் மலையேறும் ஜீப்புகளைப் பாருங்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். கம்பத்துத் திராட்சையும் சின்னமனூர் வாழையும் லாரி ஏறித்தான் சந்தை காண வேண்டும். டீசல் விலை ஏறினால் முதலில் தேய்வது அந்தக் கூலியும் இந்த விளைச்சலின் ஆதாயமுமே.

மூத்தோர் காட்டிய வழி

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானச் செல்வர் இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களிடம் மக்கள் வந்து, இறைச்சி விலை ஏறிவிட்டதென முறையிட்டனராம். அப்படியானால் வாங்காதிருந்து அதை நீங்களே மலிவாக்கிவிடுங்கள் என்று அவர்கள் விடை பகர்ந்ததாக அரபு நூல்கள் கூறுகின்றன.

விட்டுவிடுதலை அரபு மொழியில் 'தர்க்' என்பர். கூட்டாகப் புறக்கணிப்பதை இக்காலத்தார் 'முகாத்தஆ' என்கின்றனர். வெட்டுதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபாடு உண்டு. விட முடிந்த பொருளைத்தான் விடலாம்; வெட்டும்போதோ, வெட்டு யார்மேல் விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறைச்சியை விட்டவர் பருப்பும் கீரையும் உண்டு வாழலாம். விற்பவரோ அன்று அறுத்ததை அன்றே விற்றாக வேண்டும். அந்த அறிவுரை பலிக்கத் தக்கதாய் இருந்தமைக்கு இதுவே காரணம்.

இதே அடிப்படையில் ஒரு நாடே எழுந்த வரலாறும் உண்டு. ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா 1890-இல் தம் நாட்டுப் புகையிலை வாணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். 1891 டிசம்பரில் மார்க்க அறிஞர் மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வெளியாயிற்று. மக்கள் புகையிலையைத் தொட மறுத்தனர். அரண்மனைக்குள்ளும் ஹுக்கா ஓய்ந்தது. மறு மாதமே ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்தார். ஆயினும் அந்தக் கம்பெனிக்கு நஷ்டஈடாக 5 லட்சம் பவுன் கொடுக்க நேர்ந்தது. அதற்காக வாங்கிய கடன் மக்கள் தலையிலேயே விழுந்தது. வென்றவர்களும் விலை கொடுத்தே வென்றனர்.

தூத்துக்குடிக் கப்பல்

நம் தமிழகத்துக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. வ. உ. சிதம்பரனார் 'அதில் ஏறாதீர்' என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஏறுவதற்கு வேறொரு கப்பலைக் கொண்டுவந்தார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கி அம்முயற்சிக்குத் தூணாக நின்றார்.

விளைவு என்ன? கட்டணம் உடனே சரிந்தது. வெள்ளையர் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசிக் கப்பல் அரை ரூபாய்க்கு இறங்கியது. பிறகு வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் அளித்ததாகச் சொல்வர். புறக்கணிப்பால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்த இறக்கமே எதிரியின் ஆயுதமாயிற்று. நட்டத்தைத் தாங்கும் வல்லமை பெரிய கம்பெனிக்கு இருந்தது, சிறியதற்கு இல்லை. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறை புகுந்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. மாற்றுக் கப்பல் ஓடிய வரையில்தான் மலிவும் இருந்தது.

எண்ணெயின் கதை வேறு

இப்போது பெட்ரோலை எண்ணிப் பார்ப்போம். அது இறைச்சியைப் போல் அழுகுவதில்லை. இன்று விற்காதது நாளைக்குத் தொட்டியில் காத்திருக்கும். ஒரு நாள் புறக்கணிக்க எண்ணுபவர் முதல் நாள் மாலையிலோ மறுநாள் காலையிலோ போட்டுக்கொள்வார். ஆண்டுக் கணக்கில் ஒரு லிட்டரும் குறையாது. அந்த ஒரு நாளில் நட்டப்படுபவர் பங்க் நடத்தும் உள்ளூர்க்காரரும், ஜீப் ஓடாததால் கூலி இழக்கும் தோட்டத் தொழிலாளியுமே. விலையை நிர்ணயிப்பவர்மேல் அந்த வெட்டு விழுவதில்லை.

நாடு முழுவதும் வாரக்கணக்கில் வண்டி ஓட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, ஏப்ரல் மாதத்தில் இந்தியாவின் பெட்ரோல் விற்பனை முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே சென்றது. அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏப்ரல் 20 அன்று பூச்சியத்துக்கும் கீழே விழுந்தது. நம் விலை இறங்கியதா? மத்திய அரசு மே மாதம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. தமிழக அரசும் அதே மாதம் தன் வரியைக் கூட்டியது. வாங்குவது குறைந்தபோது வருவாய் குறைந்தது. அந்தக் குறையை ஈடுசெய்ய வரி ஏறிற்று.

மொராக்கோ மக்களின் அனுபவமும் அறியத் தக்கது. 2018 ஏப்ரல் 20 முதல் அவர்கள் மூன்றே நிறுவனங்களைத் தேர்ந்து புறக்கணித்தனர்: ஒரு பால் நிறுவனம், ஒரு குடிநீர் நிறுவனம், 'அஃப்ரிக்கியா' என்னும் எரிபொருள் நிறுவனம். அந்தப் பங்கை விட்டு அடுத்த பங்குக்குச் செல்லலாம் என்பதால் அது அறிவுடைய திட்டமே. செப்டம்பரில் பால் நிறுவனம் விலையைக் குறைத்தது. எண்ணெயில் அவ்வாறு நிகழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. அஃப்ரிக்கியாவின் உரிமையாளர் 2021-இல் அந்நாட்டின் பிரதமரே ஆனார். எனினும் மக்கள் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் மீதான விசாரணை தொடர்ந்து, 2023-இல் ஒன்பது நிறுவனங்கள் பெருந்தொகை செலுத்த ஒப்புக்கொண்டன.

நம் நாட்டில் எண்ணெய் விலை இறங்கியதும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. அது தேர்தல் வாக்குறுதியின் ஒரு பகுதி. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. இடைத்தேர்தல் முடிவுகள் வெளியான மறுநாள் வந்த அறிவிப்பு அது. விலையில் வரி பெரும்பங்காய் இருக்கும் இடத்தில், வாங்குபவரின் மறுப்பைவிட வாக்காளரின் மறுப்புக்கே செவி கிடைக்கிறது.

விடுவதற்கு வழி வேண்டும்

மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. ஏலமும் காப்பியும் விளையும் மலையடிவாரத்துக்கு அது உயிர்நாடியாய் இருந்தது. அகலப் பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ரயில் நின்றது. அதே 2010 ஜூனில்தான் பெட்ரோல் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. 2014-இல் டீசலுக்கும் நீங்கியது. 2017 முதல் விலை நாள்தோறும் மாறலாயிற்று. பின்னிரண்டும் நடந்த காலத்தில் தேனிச் சீமைக்கு ரயில் இல்லை. தேனிக்கு அது திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். விலை கட்டவிழ்ந்த ஆண்டுகளிலேயே நம் மாற்று வழி அடைபட்டிருந்தது. விட இயலாத பொருளை விடு என்று அந்நாளில் நம் மக்களிடம் சொல்லியிருந்தால் அது அறிவுரையாகுமா?

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் ரயில் வந்ததே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே குமுளி நோக்கிப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலத்தது. ஒரு நாள் எண்ணெய் போடாதிருக்கும் உறுதியைக் காட்டுவது எளிது. ஒரு ரயிலையும், வேளைக்கு வரும் பேருந்தையும், நியாயமான வரியையும் ஆண்டுக் கணக்கில் சோர்வின்றிக் கேட்பது அரிது. அவை கிடைத்த பிறகே இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்கள் சொன்ன 'விடுதல்' நம் கைக்கு எட்டும். அதுவரை, புறக்கணிப்பு என்று கூறித் தோட்டக் கூலியின் ஒரு நாள் ஊதியத்தை வெட்டிவிடாதிருப்போம்.