சீன மருத்துவத்தில் வறட்சி: பழைய நூலில் விடுபட்ட ஒரு சொல்

உதடு வெடித்தல், தொண்டை காய்தல், சளி வராத வறட்டு இருமல், தோல் உலர்தல் ஆகிய அனைத்தையும் சீன மருத்துவம் 'வறட்சி' என்னும் ஒரே காரணத்தின் கீழ் வைக்கிறது. இலையுதிர்காலத்தில் இது மிகும் என்பது அங்குள்ளோர் கருத்து. ஆனால் அக்கருத்து எளிதில் நிலைபெறவில்லை.

சீன மருத்துவத்தின் மூலநூலாகிய 'ஹுவாங்தி நெய்ஜிங்' சுமார் 2000 ஆண்டுகள் பழமையானது. அதில் நோய்களின் மூலத்தை 19 வரிகளில் தொகுக்கும் பகுதி ஒன்று உண்டு. காற்று, குளிர், வெப்பம், ஈரம் எல்லாம் அங்கே வருகின்றன. வறட்சி மட்டும் இல்லை. அதே நூலின் வேறு இடங்களில் வறட்சி பேசப்படுவதுதான் வியப்பு. 12ஆம் நூற்றாண்டில் வட சீன மருத்துவர் லியு வான்சு, வறட்சிக்கென ஒரு வரியைத் தாமே எழுதிச் சேர்த்தார்.

யூ சாங் இன்னும் துணிச்சலானவர். இலையுதிர்காலத்தில் உடலைத் தாக்குவது ஈரம் என்று மூலநூல் கூறுகிறது. அது வறட்சி என்றே இருந்திருக்க வேண்டும் என 1658இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். வேதம்போல் போற்றப்பட்ட நூலில் பிழை காண்பது எளிய செயலா? வாதத்தோடு நிற்காமல் மருந்தும் வகுத்தார். மல்பெரி இலை, லோக்காட் இலை, எள், அதிமதுரம் முதலியன சேர்ந்த கஷாயம் அது. ஜிப்சமும் கழுதைத்தோல் பசையும் அதில் உண்டு என்பதால் முழு மூலிகை மருந்து என்று சொல்ல முடியாது.

1798இல் வூ தாங் எழுதி முடித்த காய்ச்சல் நோய் நூலில் செய்முறை மேலும் எளிதாகிறது. அவருடைய 'ஐந்து சாற்றுப் பானம்' நாவறட்சிக்கும் தாகத்துக்கும் உரியது. பேரிக்காய், தாமரைக்கிழங்கு, பசும் நாணல் வேர், நீரில் விளையும் வாட்டர் செஸ்நட், மைதோங் கிழங்கு ஆகியவற்றின் சாறுகளை அளவு பார்த்துக் கலந்து குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும். தாமரைக்கிழங்குக்குப் பதில் கரும்புச்சாறும் சேர்க்கலாம். குளிர்ச்சி பிடிக்காதவர்கள் சூடாக்கிக் கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார். வறட்டு இருமலுக்கான மற்றொரு கஷாயத்தில் பேரிக்காய்த் தோலைச் சேர்த்தார். நாம் சீவி எறிவது!

தென் சீனாவின் குவாங்தோங் பகுதியில் தெருக் கடைகளில் விற்கப்படும் 'லியாங்சா' என்னும் குளிர்ச்சித் தேநீரை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முதன்மையாக உடற்சூட்டையும் ஈரத்தையும் தணிப்பதற்கானது. பெயரில் தேநீர் என்று இருந்தாலும் பெரும்பாலும் தேயிலை இராது. அவ்வகையில் புகழ்பெற்ற வாங் லாவ்ஜி கடை 1828இல் குவாங்சோவில் தொடங்கியது. 2006இல் லியாங்சா சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான சாமந்திப்பூத் தேநீரும், புலம்பெயர்ந்த சீனர்களோடு அங்கு வந்து சேர்ந்ததே.