கழகத்திலிருந்து நாட்டுக்கு: தொடக்ககால ஒலிம்பிக் கால்பந்து அணிகள் (1900–1912)

ஒலிம்பிக் கால்பந்து வெற்றியாளர் பட்டியலில் 1900ஆம் ஆண்டுக்கு நேராக பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய பெயர்கள் நிற்கின்றன. 1904க்கு நேராக கனடாவும் அமெரிக்காவும் உள்ளன. இதைப் பார்ப்பவர், அந்த நாடுகள் தம் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அனுப்பின என்றே எடுத்துக்கொள்வார். நடந்தது அதுவல்ல. களமிறங்கியவை இரண்டு வட்டாரக் கழகங்களும், ஒரு விளையாட்டு ஒன்றியமும், ஒரு பல்கலைக்கழகமும், ஒரு கல்லூரியும், ஒரு தேவாலயப் பங்கும்தான். நாட்டின் பெயர் பின்னர் ஒட்டப்பட்டது. நாட்டை யார் பிரதிநிதித்துவம் செய்வது என்ற கேள்விக்கு 1900க்கும் 1912க்கும் இடையில்தான் மெல்ல மெல்ல விடை உருவானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1896 ஏதென்ஸ் போட்டிகளில் கால்பந்து ஆடப்பட்டதாகச் சில நூல்கள் சொல்லி வந்துள்ளன. அதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. எனவே கதை 1900 பாரிஸில்தான் தொடங்குகிறது.

பாரிஸ் ஒலிம்பிக் அவ்வாண்டின் உலகக் கண்காட்சியோடு இணைத்து நடத்தப்பட்டது. கால்பந்துக்கென்று வின்சென் சைக்கிள் பந்தயத் திடலில் இரண்டே ஆட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 20 அன்று லண்டனின் அப்டன் பார்க் கழகம் பிரெஞ்சு அணியை 4–0 என்ற கணக்கில் வென்றது. மூன்று நாள் கழித்து அதே பிரெஞ்சு அணி பெல்ஜிய அணியை 6–2 என வென்றது. அப்டன் பார்க்கும் பெல்ஜிய அணியும் மோதவே இல்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையெல்லாம் பிற்காலத்தில் சர்வதேச ஒலிம்பிக் குழு வகுத்தது.

அப்டன் பார்க் அன்றைய இங்கிலாந்தின் முதல்தர அணி அல்ல. அதற்கு முந்தைய பருவத்தின் லீக் பட்டத்தை வென்றது ஆஸ்டன் வில்லா. ஆனால் அப்டன் பார்க்குக்கு வேறொரு பெருமை உண்டு. 1871–72இல் முதல் எஃப்.ஏ. கோப்பையில் ஆடிய அணிகளில் அதுவும் ஒன்று. 1884இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணியோடு சமன் செய்த பிறகு, எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறது என்று புகார் எழுப்பியதும் இக்கழகம்தான். பிரெஸ்டன் கோப்பையிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்தச் சச்சரவு முற்றி, 1885இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுமதி தந்தது. கூலிக்கு ஆடுவதை எதிர்த்து நின்ற கழகத்தின் பெயர் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் வரியில் அமைந்தது பொருத்தம்தான். அந்தப் பொருத்தத்தை பிரிட்டன் என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

மற்ற இரண்டு அணிகளின் நிலையும் இதே. பிரெஞ்சு அணியை அமைத்தது விளையாட்டுச் சங்கங்களின் ஒன்றியமான யூ.எஸ்.எஃப்.எஸ்.ஏ. நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த பியர் தெ கூபெர்தென் அதன் பொதுச்செயலாளராக இருந்தவர். பெல்ஜியத்தின் பெயரில் வந்தது பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழக மாணவர்களை மையமாகக் கொண்ட அணி. அதில் எரிக் தார்ன்டன் என்ற ஆங்கிலேயரும், ஹெண்ட்ரிக் வான் ஹியூக்கலம் என்ற நெதர்லாந்துக்காரரும் ஆடினர். குடியுரிமைச் சான்றை எவரும் கேட்கவில்லை. அணி என்றால் சேர்ந்து ஆடும் நண்பர்கள் என்பதே அன்றைய புரிதல்.

1904 செயின்ட் லூயிஸில் இந்தப் புரிதல் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஐரோப்பாவிலிருந்து எந்தக் கால்பந்து அணியும் அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்த கால்ட் என்ற சிறு நகரத்தின் கழகம் வந்தது. அதை எதிர்கொண்டவை செயின்ட் லூயிஸ் நகரத்தின் இரண்டு உள்ளூர் அணிகள்: கிறிஸ்டியன் பிரதர்ஸ் கல்லூரி அணியும், செயின்ட் ரோஸ் என்ற கத்தோலிக்கப் பங்கின் அணியும். நவம்பர் 16 அன்று கால்ட் கல்லூரி அணியை 7–0 என்றும், மறுநாள் பங்கு அணியை 4–0 என்றும் வீழ்த்தியது. அதோடு தங்கம் முடிவாகிவிட்டது.

மீதமிருந்தது ஒரே ஊரின் இரண்டு அணிகளுக்கு இடையேயான இரண்டாம் இடப் போட்டி. நவம்பர் 20இல் கோலின்றி முடிந்தது. மறுநாளும் கோலின்றியே முடிந்தது. 23ஆம் தேதி மூன்றாம் முறை ஆடி, கல்லூரி அணி 2–0 என வென்றது. அந்த அணியில் ஜானுவரி என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று சகோதரர்கள் ஆடினார்கள். ஒரே நகரத்தின் கல்லூரி மாணவர்களும் தேவாலயத்து இளைஞர்களும் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் மூன்று முறை மோதியதன் பலன்தான், அமெரிக்காவின் கணக்கில் இன்று நிற்கும் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும்.

அதே 1904 மே 21இல் பாரிஸில் ஃபிஃபா தோன்றியது. பெல்ஜியம், டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து என ஏழு நாடுகளின் தரப்புகள் இணைந்தன. ஸ்பெயினுக்கு அப்போது தேசியச் சங்கமே இல்லை. மாட்ரிட் கழகம் அதன் இடத்தில் நின்றது. முதல் தலைவர் ராபர்ட் கெரென், பாரிஸில் பிரெஞ்சு அணியை அமைத்த அதே யூ.எஸ்.எஃப்.எஸ்.ஏ.வைச் சேர்ந்தவர். ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம் என்ற கோட்பாடு இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. செயின்ட் லூயிஸ் போட்டிகளில் ஃபிஃபாவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

1906இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால விளையாட்டுகளை ஒலிம்பிக் குழு இன்று அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆனால் அணி என்ற கருத்து எப்படி மாறியது என்று ஆராய்பவருக்கு இதைவிட வளமான சான்று கிடைக்காது. ஆட்டங்கள் நடந்த நியோ ஃபாலிரோ திடல் 1896இல் சைக்கிள் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டது. இன்று அதே இடத்தில்தான் கரைஸ்காகிஸ் மைதானம் இருக்கிறது. நான்கு அணிகளில் ஒன்று மட்டுமே, அதாவது டென்மார்க் மட்டுமே, நாட்டின் பெயரில் வந்தது. அதுவும் கோபன்ஹேகன் கழகங்களிலிருந்து திரட்டிய அணி. மற்ற மூன்றும் நகரங்கள்: ஏதென்ஸ், தெசலோனிகி, ஸ்மிர்னா.

தெசலோனிகியும் ஸ்மிர்னாவும் அன்று ஒட்டோமான் பேரரசின் நகரங்கள். தெசலோனிகிக்காக ஆடியவர்கள் கிரேக்கர்கள். ஸ்மிர்னாவுக்காக ஆடியவர்கள் அத்துறைமுகத்தில் தலைமுறைகளாக வணிகம் செய்துவந்த ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆர்மீனியர். அந்த அணியில் விட்டால் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் இருந்தனர். இவர்களை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது? ஒரே பேரரசின் இரண்டு நகரங்களில் ஒன்றைக் கிரேக்கத்தின் கீழும் மற்றொன்றைக் கலப்பு அணி என்றும் எழுதும் பட்டியல்கள் இக்குழப்பத்தின் விளைவே. ஸ்மிர்னா ஸ்மிர்னாவுக்காக ஆடியது என்று எழுதுவதுதான் நேர்மை.

டென்மார்க் ஸ்மிர்னாவை 5–1 என வென்று ஏதென்ஸைச் சந்தித்தது. இடைவேளையில் கணக்கு 9–0. ஏதென்ஸ் அணி இரண்டாம் பாதிக்குத் திரும்பவில்லை. இரண்டாம் இடத்துக்காக மீண்டும் ஆடச் சொன்னபோது அதையும் மறுத்ததால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. ஸ்மிர்னா தெசலோனிகியை 3–0 என வென்று இரண்டாம் இடத்தைப் பெற்றது.

திருப்பம் 1908 லண்டன். பொறுப்பை ஏற்றது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். ஃபிஃபாவின் தலைவராக அப்போது இருந்தவரும் ஆங்கிலேயரான டேனியல் உல்ஃபால்தான். கழகங்களும் நகரங்களும் விலக, சங்கங்கள் தேர்ந்த அணிகள் வந்தன. ஆயினும் பழைய பழக்கத்தின் மிச்சம் தெரிகிறது. பிரான்ஸ் இரண்டு அணிகளை அனுப்பியது. அக்டோபர் 19இல் அதன் ‘பி’ அணியை 9–0 என்றும், 22இல் ‘ஏ’ அணியை 17–1 என்றும் டென்மார்க் தோற்கடித்தது. இரண்டாவது ஆட்டத்தில் சோஃபுஸ் நீல்சன் மட்டும் 10 கோல் அடித்தார். மனமொடிந்த பிரான்ஸ் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பியும் பின்னாளில் பெரும் கணித மேதையாகப் புகழ்பெற்றவருமான ஹரால்ட் போர் அந்த டேனிஷ் அணியில் ஆடினார். 24ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஃபிரெடரிக் சாப்மன், விவியன் உட்வர்ட் ஆகியோரின் கோல்களால் பிரிட்டன் 2–0 என வென்றது. அந்த ‘பிரிட்டன்’ உண்மையில் இங்கிலாந்தின் அமெச்சூர் அணி; ஸ்காட்லாந்துக்காரரோ வேல்ஸ்காரரோ அதில் இல்லை.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த ஹங்கேரியும் பொஹீமியாவும் பெயர் கொடுத்தும் லண்டனில் ஆடவில்லை. தனி அரசு இல்லாத பொஹீமியாவின் சங்கம் அவ்வாண்டிலேயே ஃபிஃபாவின் உறுப்பினர் தகுதியை இழந்தது. இதே அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தியது என்றும் சொல்ல முடியாது. ரஷ்யப் பேரரசின் கீழிருந்த ஃபின்லாந்தின் சங்கம் அதே 1908இல் உறுப்பினரானது. 1912இல் ஸ்டாக்ஹோமில் 11 அணிகள் ஆடின. ஒரு நாட்டுக்கு ஓர் அணி. அங்கே ஜூன் 30 அன்று ஃபின்லாந்து ரஷ்யாவை 2–1 என வென்றது. ஆளப்படும் மக்கள் தம்மை ஆளும் பேரரசைத் தம் சொந்தப் பெயரிலேயே திடலில் வென்றனர். பாரிஸின் நண்பர் குழுக்களிலிருந்து பன்னிரண்டே ஆண்டுகளில் கால்பந்து அணி எட்டிய தூரம் இது. ஒரு நாடு பிறப்பதற்கு முன்பே அதன் அணி பிறக்கலாம் என்றாகிவிட்டது. ஃபின்லாந்து விடுதலை பெற்றது 1917இல்தான்.

ஃபிஃபா 1900, 1904 ஆட்டங்களை நாடுகளின் சர்வதேச ஆட்டங்களாக ஏற்காமல் 1908இலிருந்தே கணக்கு வைக்கிறது. வரலாற்று நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் அதனால் முந்தைய ஆட்டக்காரர்களின் பெருமை குறையக் கூடாது. தமிழில் விளையாட்டு வரலாறு எழுதுவோரும் பொது அறிவு நூல் தொகுப்போரும் 1900க்கு நேராக அப்டன் பார்க் என்றும், 1904க்கு நேராக கால்ட் என்றும் எழுதி, நாட்டின் பெயரை அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.